பூங்காவனம் பாதியில் திரும்பிய மலை

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இத்தனை வருஷத்தில் என் மனைவி பூங்காவனம் ‘என்னால முடியல’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. போன தை மாதம் ஒரு விடிகாலையில், அதைக் கேட்காமல் செத்துப்போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

காரணம் சர்க்கரை. சர்க்கரை வந்தது எனக்கு. அதை ஆள்வது அவள். டாக்டர் ‘நடங்க’ என்றார். அவர் சொன்னது ஒரு வார்த்தை, இவள் அதைச் சட்டமாக்கிவிட்டாள். ஐந்து மணிக்குப் போர்வை போகும். நூம்பல் வீட்டிலிருந்து கிளம்பி வேலப்பன்சாவடி வரை போய்த் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவா? கிடையாது. அன்றைக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. வழி பூரா அவள் பேசிக்கொண்டே போவாள், மூச்சு வாங்காது. எனக்குப் பேசாமலே வாங்கும்.

எதிர் வீட்டு செபாஸ்டியன்தான் வழி காட்டினார். ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லை ஓரமாக ஒரு மலை. நாகப்பன் என்று ஒரு வழிகாட்டி இருப்பதாகச் சொல்லி, நம்பரும் கொடுத்தார். “பாதையில போனா கொயந்தகூட ஏறிடும் அண்ணாத்தே. பாதைய உட்டுப் போனா, செத்தான்!”

அந்தச் ‘செத்தான்’தான் எனக்குப் பிடித்தது.

“பூவு, ஒரு மலை ஏறலாமா?”

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “இன்னாத்துக்கு?”

“ஒடம்புக்கு நல்லது.”

“மாடியில துணி எடுத்தாய்யான்னா மூட்டு வலின்றே. மலை எப்டி ஏறுவே?”

“மாடி சிமென்ட்டு. மலை இயற்கை.”

“சரி, அப்பால?”

“பந்தயம். உச்சிக்குப் போற வழியில நீ ‘முடியல’ன்னு உக்காந்துட்டா, காலையில என்னை எழுப்பக் கூடாது. எப்பவுமே.”

“நீ உக்காந்துட்டா?”

“நான் ஏன் உக்கார்றேன்?”

“ஒரு பேச்சுக்கு.”

“நீ சொல்றதெல்லாம் கேக்குறேன்.”

“அது இப்பவே கேட்டுகினுதானே கீறே? வேற எதனா சொல்லு.”

“ஒரு வருஷத்துக்கு போண்டா, பஜ்ஜி தொட மாட்டேன்.”

“சரி” என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னாள். இருபத்தாறு வருஷ அனுபவஸ்தன் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து நாகப்பனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, பாதை வேணாம். முள்ளு, கல்லு, செங்குத்து, எது கீதோ அதுல இட்டுக்கினு போங்க. எங்க ஊட்டம்மா அரை மணி நேரத்துல திரும்பிடணும்.”

“நீங்க சாமி?”

“நான் வேற வழியில்லாம கூடவே திரும்பிடுவேன்.”

“ஆவட்டும். ஃபாரஸ்ட் ஆபீஸ்ல அனுமதிச் சீட்டு நான் வாங்கி வெச்சிடறேன்.”

அடுத்த சனிக்கிழமை காலை மலையடிவாரத்தில் நின்றோம். எனக்குப் புது ஷூ, புதுத் தொப்பி, கையில் கழி, முதுகில் பை. பூங்காவனத்துக்கு என் பழைய ஷூ. கழன்று விழாமல் இருக்க உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ். நாகப்பனுக்கு அறுபது வயசிருக்கும், சுள்ளி மாதிரி ஆள். காலில் ரப்பர் செருப்பு.

“சாமி முன்னாடி போங்க” என்றார் நாகப்பன்.

“வழிகாட்டி நீங்கதானே?”

“ஆம்பளை முன்னாடி போனாத்தான் மருவாதி.”

என் வீட்டில் கிடைக்காத மரியாதை மலையில் கிடைக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பத்தே நிமிஷத்தில் புரிந்தது. பாதை இல்லாத காட்டில் முன்னால் போகிறவன்தான் பாதை போடுகிறவன். முள் என் சட்டையில் மாட்டியது. சிலந்திவலை என் மூஞ்சியில் ஒட்டியது. புரண்ட கல்லெல்லாம் என் கணுக்காலைத் தேடி வந்தது. எனக்குப் பின்னால் ஒரு தெருவே திறந்துகொண்டு வந்தது. அந்தத் தெருவில் பூங்காவனம், கோயிலுக்குப் போகிற மாதிரி வந்துகொண்டிருந்தாள்.

“முடியலன்னா... சொல்லிடு பூவு” என்றேன், இரண்டு மூச்சுக்கு நடுவில்.

“எனக்கு இன்னா? சும்மா ஜம்முனு கீது. நீ ஏன் தவக்களை மாதிரி வாயத் தொறந்துகினு கீறே?”

“காத்து... நல்லா கீது.”

அரை மணி நேரம் போனது. ஒரு மணி நேரம் போனது. அவள் திரும்புவதாகத் தெரியவில்லை. மயில் எங்கேயோ அகவினால், “தோ கேளுய்யா!” என்கிறாள். குரங்குக் கூட்டம் மரத்துக்கு மரம் தாவினால், “எப்டி ஏறுது பாரு, கத்துக்கோ” என்கிறாள். நாகப்பனைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். அவர் இன்னும் செங்குத்தான இடமாகப் பார்த்துக் கை காட்டினார். சொன்ன சொல் தவறாத மனுஷன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சமதளம் வந்தது. கல்லை அடுக்கிக் கட்டிய நான்கு வட்டச் சுவர்கள். மூன்றுக்குக் கூரை போய்விட்டது, ஒன்றில் மட்டும் பாதிப் புல்கூரை தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆட்டுக்காரங்க குடிசை சாமி. எங்க சித்தப்பன் வருஷத்துல எட்டு மாசம் இங்கதான் கெடப்பாரு.”

“இவ்ளோ ஒசரத்துலயா? ஆட்டுக்குப் புல்லு நல்லா இருக்குமோ?”

நாகப்பன் குரலைத் தாழ்த்தினார். “புல்லு கீழயே நெறைய இருந்திச்சு. எங்க சின்னம்மா கீழ இருந்தாங்க.”

அந்தச் சித்தப்பனை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சுவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அப்போதுதான் நாகப்பன் குனிந்து ஒரு குச்சியால் தரையில் எதையோ கிளறினார். கறுப்பாக, கொட்டை கொட்டையாக.

“கரடி போட்டது. நேத்திக்கி.”

“இன்னா பழம் துன்னுகீது?” என்று பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்.

எனக்கு அது நேற்று எதைத் தின்றது என்பதில் அக்கறை இல்லை. இன்றைக்கு எதைத் தின்னும் என்பதுதான் கவலை. இதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் உட்கார்ந்தால் ஒரு வருஷம் பஜ்ஜி போச்சே!

“ஷூ கயிறு அவுந்துடுச்சு” என்றேன். “நீங்க போய்க்கினே இருங்க. கட்டிக்கினு பின்னாடியே வர்றேன்.”

அவள் என் ஷூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “பாத்து வாய்யா” என்றாள். இரண்டு பேரும் புதருக்குள் மறைந்தார்கள்.

கூரை இருந்த குடிசைக்குள் காலை நீட்டினேன். ஆகா! ஒரு நிமிஷம் சொர்க்கம். அடுத்த நிமிஷம் சுவர் இடுக்கிலிருந்து ஒரு தலை நீண்டது. நாக்கு நீண்டது. கடைசியில் கை நீளத்துக்கு ஓர் உடும்பு முழுசாக வெளியே வந்து, ‘யாருய்யா நீ?’ என்பது போல் பார்த்தது. அடுத்து எனக்கு நினைவு வந்தபோது வெளியே ஒரு மரத்தில் இருந்தேன். உடும்புப் பிடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்றைக்கு அப்படிப் பிடித்தது உடும்பு அல்ல.

முக்கால் மணி நேரம் மரத்தில். பேச்சுச் சத்தம் கேட்டதும் சறுக்கி இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டேன்.

“எங்க போனீங்க ரெண்டு பேரும்? நான் அந்தப் பக்கமா ஏறி, உச்சியைப் பாத்துட்டு இப்பதான் எறங்குறேன். உங்களைக் காணமே!”

பூங்காவனம் பொத்தென்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள். முந்தானை இல்லாததால் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

“என்னால முடியலய்யா.”

இருபத்தாறு வருஷம்! காது குளிர்ந்தது.

“பாதியிலயே உக்காந்துட்டோம். நீ ஜெயிச்சே. உச்சி எப்டி இருந்திச்சு?”

“பெரிய பாறை. நடுவுல ஒரு வேலு நட்டு வெச்சிருக்காங்க. கும்புட்டுக்கினேன். பூண்டி ஏரி பளபளன்னு தெரிஞ்சுது.”

“நம்ம ஊடு தெரிஞ்சுதா?”

“மாடியில துணி காயறது வரைக்கும்.”

நாகப்பனுக்கு இருமல் வந்துவிட்டது.

ஊத்துக்கோட்டை டீக்கடையில் எனக்கு அவளே போண்டா வாங்கித் தந்தாள். போனை எடுத்து என் பக்கம் திருப்பினாள். “அந்த உச்சிக் கதைய இன்னொரு வாட்டி சொல்லுய்யா. ஆசையா கீது.” போண்டாவும் பாராட்டும் ஒன்றாகக் கிடைத்தால் எந்த ஆம்பளை சும்மா இருப்பான்? கரடியை இந்தக் கழியால் விரட்டியதையும் சேர்த்துக்கொண்டேன். “யார் வந்தாலும் உச்சிக்கு இட்டுக்கினு போவேன், கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தெரியும்” என்று முடித்தேன்.

ஒரு வாரம் எட்டு மணி வரை தூங்கினேன். சொர்க்கம்.

எட்டாம் நாள் செபாஸ்டியன் மனைவி ஹெலினா ஒரு காகிதத்தோடு வந்தார். “அண்ணே, பேரெல்லாம் எழுதிட்டேன். நம்ம தெருப் பொம்பளைங்க பதினாலு பேரு. வர்ற ஞாயித்துக்கெழம கெளம்பறோம்.”

“எங்கம்மா?”

“மலைக்குத்தான். வீடியோ பாத்தோமே! நீங்க இருக்கிறப்ப எங்களுக்கு இன்னா பயம்?”

அவர் போனதும் உள்ளே பாய்ந்தேன். “என்னால ஆவாது!”

“அப்ப அன்னிக்கு நீ ஏறலியா?” பூங்காவனம் நிதானமாகக் கேட்டாள்.

“ஏறினேனே!”

“அப்ப ஏறு. ஏறலைன்னா சொல்லிடு. பதினாலு ஊட்லயும் நானே போய் ‘எங்க ஊட்டுக்காரரு பொய் சொல்லிட்டாரு’ன்னு சொல்லிட்டு வந்துடறேன். இதுல இன்னா கீது?”

மாடிக்கு ஓடி நாகப்பனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, ஞாயித்துக்கெழம நீங்க வந்து நல்ல பாதையில இட்டுக்கினு போங்க. உங்க கால்ல உழறேன்.”

“நான் எதுக்கு சாமி? அம்மா நேத்தே போன் பண்ணி வேணாம்னுட்டாங்க.”

“அவகிட்ட உங்க நம்பர் ஏது?”

“நீங்க மொதல்ல பேசினீங்களே, அன்னிக்கு சாயங்காலமே உங்க போன்லேர்ந்து நம்பர் எடுத்து அவங்களும் பேசினாங்க. உங்களை முன்னாடி உடச் சொன்னதே அவங்கதான்.”

“அப்ப அன்னிக்கு ரெண்டு பேரும் எங்க போனீங்க?”

“எங்கயும் போவல. குடிசைக்கு மேல பாறையில உக்காந்து எலுமிச்சை சாதம் துன்னோம். நீங்க மரம் ஏறினப்ப அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரை ஏறிடுச்சு.”

“அண்ணே! தெய்வமே! எனக்கு உச்சிக்கு வழி தெரியாதுண்ணே!”

“எப்டி சாமி தெரியாம போவும்?” என்றார் நாகப்பன். “நம்ம மூணு பேருல உச்சிக்குப் போனது நீங்க ஒருத்தர்தானே!”