மேண்டில் மாமாவின் பம்ப் காபி

பம்ப் அடித்தால் நடக்காத காரியம் உலகத்தில் இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் மேண்டில் மாமாதான். பிள்ளைகளே, அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பசியாவரம் தீவில் அப்போது கரண்ட் கிடையாது. கல்யாணமோ காது குத்தோ, பெட்ரோமாக்ஸ் விளக்குதான். அதற்கு மேண்டில் என்கிற வலைத்திரியைக் கட்டி, பம்ப் அடித்து எரிய விடுகிறவர் அவர். நான் பக்கத்து வீடு. மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை.

ஒரு தரம் ஏற்காட்டுத் திருவிழாவுக்கு விளக்குக் கட்டப் போனவர், பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணை நாங்கள் மலையக்கா என்போம். அவர் அம்மா வீட்டுப் பின்னால் பத்துப் பதினைந்து காபிச் செடிகள். ஆட்டுப் புழுக்கை தவிர வேறு உரம் கண்டதில்லையாம். அந்தக் காபியில் வளர்ந்தவர், எங்கள் ஊர்க் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு" என்று டம்ளரைக் கீழே வைத்தார். அதோடு சரி. வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும், காபி குடிக்கவென்றே அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். திரும்ப ஒரு மாசம் ஆகும். அந்த ஒரு மாசமும் மாமா தன் சமையலைத் தானே சாப்பிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். வீட்டில் தன்னைத் திட்ட ஆளில்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு வருஷம் சபதம் போட்டார். "இந்தத் தபா நீ போ மாட்டே. உங்கம்மா வூட்டுக் காபிய இங்கியே உனக்குக் குடுக்கல, என் பேரு மேண்டில் இல்ல."

"உங்க பேரு மேண்டில் இல்லைங்களே," என்றார் மலையக்கா.

மாமா மலையிலிருந்த மச்சானுக்குச் சொல்லி அனுப்பி ஒரு பை பச்சைக் காபிக் கொட்டை வரவழைத்தார். கடைத்தூள் கொஞ்சம் கலந்தால் கூட நாள் வருமே என்றேன். ஒரே தோட்டத்துக் கொட்டையோடு வேறு எது சேர்ந்தாலும் அது காபி இல்லை, கதம்பம் என்று முறைத்தார். படகில் வரும்போது பை நனைந்துவிட்டதால் கொட்டையைக் காய வைத்தார். எங்கே? எங்கள் ஊரில் எதையும் காய வைக்கிற இடத்தில்தான், பொடி இறால் காய்கிற பாயில். வறுத்தபோது தெருப் பூனைகள் அத்தனையும் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

மச்சானிடமிருந்து இன்னொரு பை வந்தது. புதுப் பாய் வாங்கினார்.

அடுத்தது மிஷின். பட்டணத்துக் கல்யாணம் ஒன்றில் புஸ்ஸென்று ஆவி விடுகிற எஸ்பிரஸோ மிஷினைப் பார்த்திருந்தார். பழைய பெட்ரோமாக்ஸ் டாங்கியைத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, காபித்தூள் அடைத்த பித்தளைக் குப்பியை அதன் வாயில் முடுக்கி, பம்ப் அடித்தார். நீங்கள் இதைச் செய்து பார்க்கவே கூடாது, வெடித்தால் ஆள் மிஞ்ச மாட்டான். கறுப்பாக, கெட்டியாக, நுரையோடு கால் டம்ளர் இறங்கியது. ருசி பார்க்கிற வேலை எனக்கு. பற்ற வைத்தால் எரியும் என்று சொன்னேன். பதினோரு தரம் டாங்கியைக் கழுவினார். பதினோரு தரமும் நான் குடித்தேன். கடைசியில் மண்ணெண்ணெய் போயிற்று. உப்பு மட்டும் அப்படியே நின்றது.

எங்கள் ஊரில் சமையலுக்கும் காபிக்கும் கிணற்று உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் மணலில் தோண்டிய ஊற்றில், குடிக்க மட்டும். அதிலும் நல்லது மெல்லிசாக மேலே நிற்கும், அடியில் உப்பு. பெண்கள் கொட்டாங்கச்சியால் கலங்காமல் மேலாக மொண்டு குடம் நிரப்புவார்கள். அரை நாள் ஆகும். மாமாவுக்கு ஏது அவ்வளவு பொறுமை? படகில் தண்ணீர் இறைக்கிற கைப் பம்பைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றில் குழாயை இறக்கினார். பத்து நிமிஷத்தில் எட்டுக் குடம். அத்தனையும் உப்பு. ஊற்றும் உப்பாகிவிட்டது.

பெண்கள் குடத்தோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். மீன் கூடைக்காரம்மா ஒருத்தி முன்னால் வந்தாள்.

"யோவ் மேண்டிலு, உம் பொண்டாட்டி காபி குடிக்க, ஊரே நாக்கு வறண்டு கெடக்கணுமா?"

 அந்தப் பம்போடு காபி டாங்கிப் பம்பையும் சேர்த்துப் பறித்துக்கொண்டார்கள். ஊற்று தெளிகிறவரை எல்லாரும் தூரத்து ஊற்றுக்கு நடப்பார்கள், தெளிந்த பிறகு மாமாவுக்குக் கடைசி முறை, அதுவும் கொட்டாங்கச்சியில்தான் என்று தீர்ப்பானது.

தெளிய மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் உச்சி வேளையில் மலையக்காவுக்குப் படகு.

அன்று விடியற்காலையிலேயே மாமா வரிசையின் கடைசியில் போய்க் குந்தினார். முறை வந்ததும் கொட்டாங்கச்சியைத் தண்ணீரின் தோல்மேல் வைக்கிற மாதிரி வைத்து மொண்டார். கண் கொட்டவில்லை. இரண்டு சொம்பு சேர்ந்ததும் வீட்டுக்கு ஓடினார். பம்ப்தான் இல்லையே, சொம்பின் வாயில் துவைத்த வேட்டித் துணியைக் கட்டி, அதில் தூளைப் போட்டு, வெந்நீரை நூல் மாதிரி கையாலேயே ஊற்றினார். பெட்டியும் கையுமாக நின்ற மலையக்காவிடம் டம்ளரை நீட்டினார்.

மலையக்கா குடித்தார்.   துறையிலிருந்து படகுக்காரர், காற்று திரும்புகிறது என்று குரல் கொடுத்தார். மலையக்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

படகு அவரை விட்டுவிட்டுப் போயிற்று. கடைசிச் சொட்டு வரைக்கும் மாமா அவருக்கே ஊற்றினார். பதினோரு தரம் மண்ணெண்ணெய் குடித்த என்னை அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளே, அந்தக் காபி எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும், ரொம்ப நன்றாக இருந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.