பிரசிடெண்ட் அண்ணனும் என் டிரைவிங் டெஸ்ட்டும்

ஆக்லாந்தில் பால் வாங்கப் போய், அமெரிக்க ஜனாதிபதிகளின் உயரம், வியாதி, செத்த தேதி எல்லாம் தெரிந்துகொண்டு பாலை மறந்துவிட்டுத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால், அத்தனை பேரும் எங்கள் பிரசிடெண்ட் அண்ணன் கடைக்குப் போனவர்கள்தான்.

கிளென்ஃபீல்ட் பகுதியில் டெய்ரி வைத்திருந்தார். டெய்ரி என்றால் மாட்டுப் பண்ணை இல்லை. பால், ரொட்டி, பேப்பர் விற்கிற மூலைக்கடை. யாழ்ப்பாணத்துக்காரர். அமெரிக்காவை மேப்பில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அங்கே யார் நின்றார், யார் தோற்றார், ஏன் தோற்றார் என்பதெல்லாம் தன் கடைச் சிகரெட் விலையைவிட அவருக்கு அத்துப்படி. நான் மதுரையிலிருந்து வந்த புதிது. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் வாடகைக்கு இருந்தேன். வாடகை கம்மி. ஏன் கம்மி என்று முதல் வாரமே புரிந்துவிட்டது.

மகள் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்க வந்த ஒரு அம்மா, ஜூலை நாலு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அண்ணன் பூரித்துப்போனார்.

"அண்டைக்குத்தான் மூண்டு ஜனாதிபதிமார் செத்தவை, தெரியுமோ?"

அந்த அம்மா அடுத்த தெரு டெய்ரிக்கு மாறிவிட்டார்.

யார் ஜெயிக்கணும்னு ஆசைப்படுறீங்க என்று கேட்டுவிட்டால் மட்டும் கோபம் வரும். "ஆர் வெண்டால் எனக்கென்ன? எப்பிடி வெல்லுகினம் எண்டதைப் பாரும்" என்பார்.

அது தொண்ணூற்றாறு. அமெரிக்காவில் தேர்தல் வருஷம். அண்ணனுக்குத் தேர்தல் காய்ச்சல் ஏறிக்கிடந்த நேரம் பார்த்து, தகனினியில் ஒரு கம்பெனி எனக்கு வேலை தந்தது. எங்களுக்கு ஊரின் அந்தக் கோடி அது. மோட்டார்வேயில் கார் ஓட்டித்தான் போக வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுத்தால் வேலை. வேலை இருந்தால் விசா. இல்லாவிட்டால் மதுரைக்கு டிக்கெட்.

லைசென்ஸ் எடுக்கவைக்கிற பொறுப்பை, யாரும் கேட்காமலே அண்ணன் ஏற்றுக்கொண்டார். அமெரிக்கர்கள் ஓட்டுப் போடுவது செவ்வாய்க்கிழமை. ஆகவே டெஸ்ட்டும் செவ்வாய்தான். செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள் எங்கள் ஊரில். சொன்னேன், எடுபடவில்லை. போனேன். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்து மதுரைப் பழக்கத்தில் ஹாரன் அடித்தேன். ஃபெயில்.

அண்ணன் தோல்வியை ஆராய்ந்தார். "தம்பி, அங்க அநேகமா உயரமான ஆள்தான் வெல்லுறவர். நீர் கட்டை."

"டெஸ்ட் வைக்கிற ஆபீசரை எதிர்த்து நான் தேர்தல்ல நிக்கலையேண்ணே."

அடுத்த செவ்வாய், சோபாவிலிருந்து இரண்டு குஷனை உருவித் தன் காரின் சீட்டில் போட்டு என்னை உட்காரவைத்தார். தலை கூரையில் இடித்தது. பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. அதிகாரி கதவுப் பிடியைப் பிடித்த பிடியிலேயே ரிசல்ட் தெரிந்துவிட்டது.

அன்று சத்தம் போட்டுவிட்டேன். உங்களுக்கு இது விளையாட்டு, எனக்குப் பொழப்பு. இனி அமெரிக்கா என்று ஒரு வார்த்தை வந்தால் ரூமைக் காலி பண்ணிவிடுவேன் என்றேன். அவர் குஷன்களைத் தட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மாதம் முடியுமுன் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். வெள்ளிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கே பூட்டாத கடையைப் பூட்டிவிட்டு அவரே என்னை அழைத்துப் போனார். கிழமையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. நச்சரித்தாலாவது எரிச்சல்பட்டுக்கொண்டு போயிருப்பேன். இப்போது முதல் இரண்டு ஃபெயிலும் மாறிமாறி நினைவுக்கு வந்தன. கடைசியில் நானே கேட்டேன்.

"அண்ணே, ஏதாவது பேசுங்க."

காரை ஓரமாக நிறுத்தினார். இருபது வருஷத்துக்கு ஒருமுறை, பூஜ்யத்தில் முடிகிற வருஷத்துத் தேர்தலில் வென்ற ஜனாதிபதிகள் ஏழு பேர் வரிசையாகப் பதவியிலேயே செத்துப்போனார்களாம். எட்டாமவரும் போய்விடுவார் என்று பலபேர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்களாம்.

"அவருக்கு நெஞ்சில ஒருத்தன் சுட்ட வெடி பட்டது. எண்டாலும் தப்பியிட்டார். ஏழு தரம் நடந்தது எட்டாந்தரம் நடக்கேல்லை. அவ்வளவுதான் தம்பி. போயிட்டு வாரும்."

பாஸ்.

வெளியே வந்து சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. "நீரே கொண்டு போம்" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். கார் நகர்ந்ததும் வாய் திறந்துவிட்டது. போன தேர்தலில் நின்ற முக்கியமான மூன்று பேருமே இடக்கைக்காரர்களாம், தெரியுமோ?

கடை பக்கத்தில்தான் இருந்தது. நான் சுற்றுவழியில் ஓட்டினேன்.