சம்பந்தம் பேசும்போது வானத்தில் பற்றிய கரி

பெருமதிப்புக்குரிய நாம்குங் ஐயா அவர்களுக்கு, குன்சான் துறைமுகத்து நெத்திலி வியாபாரி மா தால்-சு தலைதாழ்த்தி எழுதுவது. இந்தப் பனியில் தங்கள் மூட்டுவலி மட்டுப்பட்டிருக்கும் என நம்புகிறேன்.

போன வாரம் சம்பந்தம் பேசக் கூடிய கடலோரச் சாப்பாட்டுக் கடைக்கு மாப்பிள்ளையே வராதது தப்புதான். "போட்டோவாவது கொண்டாந்திருக்கலாமே" என்று தங்கள் மனைவி கேட்டதும் நியாயம். ஆனால் தாங்கள் கோபத்தோடு கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப எழுந்த அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கடல்மேல் அது கிளம்பியதே! தங்கள் மனைவி "ஐயோ, வட கொரியாக்காரன் குண்டு போட்டுட்டான்!" என்று மேசைக்கடியில் போக, கடைக்காரம்மா "இல்லக்கா, வேற்றுக்கிரகத்து ஆளுங்க" என்று அவரையும் தள்ளிக்கொண்டு நுழைய, தங்கள் மகள் சே-வொன் அம்மாவைத் தேடிக் குனிய, நான் வாயிலிருந்த மீனை மென்று விழுங்க மறந்து நின்றேன். வெள்ளை வால் சுருண்டு, நீலமாகி, பச்சையாகி, வானம் முழுக்க விரிந்தது. அப்போதுதான் என் மகன் கியு-சனிடமிருந்து போனில் செய்தி வந்தது: "அப்பா, அது எங்க வேலை. மன்னிச்சுக்கோங்க." பிறகு டிவியிலும் சொன்னார்கள், நம் நாட்டின் திட எரிபொருள் ராக்கெட் சோதனை, செயற்கைக்கோளையும் தூக்கும், ராணுவத்துக்கும் உதவும் என்று.

நான் இளமையில், தரைக்கடியில் எரித்து வீட்டைச் சூடாக்கும் துளைக்கரியை வீடு வீடாக விற்று முன்னுக்கு வந்தவன். வேலையைப் பற்றி வாயே திறக்காத பையன் ஒரே ஒரு தடவை சொன்னான்: "அதுவும் உங்க கரி மாதிரிதாம்ப்பா. நடுவுல துளை. துளையோட வடிவத்தைப் பொறுத்துதான் எரியுற வேகம். பத்த வச்சிட்டா அணைக்க முடியாது." கேலி செய்கிறான் என்று நினைத்தேன். தரையைச் சூடாக்கிய துளை இப்போது வானம் ஏறுகிறது ஐயா! அதே நெருப்பு ஓர் ஊரின்மேல் இறங்கினால் என்னாகும் என்றும் தோன்றியது. விலை சொல்லத் தெரியாத சரக்கை வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

அதைப் பற்றவைக்கிறவன் பாதியில் எழுந்து விருந்துக்கு வரமுடியுமா? வியாபாரத்தில் யாரிடமும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன், சம்பந்தத்தை முறித்துவிடாதீர்கள்.

தங்கள் வீட்டுத் தரை பனிக்காலம் முழுதும் கதகதப்பாயிருக்க வேண்டும்,
மா தால்-சு

பி.கு.: உறையை ஒட்டுமுன் கியு-சன் வந்து இதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். அவன் எரிபொருள் கலக்கும் பிரிவாம். கலந்து கொடுத்து மாதக்கணக்காகிறது. அன்று அவனுக்கு விடுமுறை; வரும் வழியில் காரை ஓரங்கட்டித் தூங்கிப்போனானாம்!

"அப்ப அந்தச் செய்தி?"

"சே-வொன்தாம்ப்பா. அவ அம்மாவைத் தேடுற மாதிரி மேசைக்கடியில குனிஞ்சு, தூங்கிட்டிருந்த எனக்கு மெசேஜ் அடிச்சா: வானத்துல ஏதோ போகுது, யாரோடதுன்னு தெரியல, உன்னோடதுன்னு உடனே உங்க அப்பாவுக்கு அனுப்பிடுன்னு."

ஐயா, என் மகன் வேண்டாமென்றால் தாராளமாகத் தள்ளிவிடுங்கள். தங்கள் மகளை மட்டும் என் கடைக்கு அனுப்பிவையுங்கள்.