வாத்துக் கடனும் கை வைத்த நாற்காலியும்

“இன்னையிலேருந்து இந்த வீட்டை நான் வெட்டப் போறேன்!” என்றார் கட்டிங் மாஸ்டர்.

அவர் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எந்தப் பக்கத்துலேருந்துங்க? சுவரெல்லாம் வீட்டுக்காரரோடது. அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்க.”

“செலவை வெட்டப் போறேன்னு சொன்னேன்!”

“செலவைன்னு சொல்லலையே. வீட்டைன்னுதான் சொன்னீங்க.”

மாஸ்டர் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். பன்னிரண்டு சட்டைக்கான துணியில் பதின்மூன்று சட்டை வெட்டுவார் என்று பெயர் வாங்கியவர். அளவு அட்டைகளை நெருக்கி வைப்பதில்தான் சூட்சுமம். கைப் பகுதியின் வளைவுக்குள் காலர் போகும், காலரின் இடுக்கில் பட்டி போகும். அவர் வெட்டி முடித்த பிறகு கீழே விழுவதைப் பொறுக்கினால் ஒரு கைக்குட்டைகூடத் தேறாது.

இத்தனை கெட்டிக்காரருக்கு ஒரு கடன் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மச்சானிடம் நாற்பதாயிரம் கைமாற்று வாங்கினார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், வேன் ஓட்டுகிறவர். அந்தப் பணத்தில் பழைய பூத்தையல் இயந்திரம் ஒன்றை மாஸ்டர் வாங்கிவந்தார். பன்னிரண்டு ஊசி. இனிமேல் நான் மாஸ்டர் இல்லை, முதலாளி என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு அதை ஓட்டினார்.

ரோஜா போடச் சொன்னார். வாத்து போட்டது. மயில் போடச் சொன்னார். வாத்து போட்டது. பள்ளிக்கூடச் சின்னம் போடச் சொன்னபோது மட்டும் கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு, பெரிய வாத்தாகப் போட்டது.

இப்போது அது படுக்கையறை மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. போர்வையிலும் வாத்து.

இயந்திரம் போனால் போகிறது. மாஸ்டரை வாட்டியது நாற்காலிதான். அந்த வீட்டில் இரண்டு முக்காலிகளும் ஒரே ஒரு கை வைத்த நாற்காலியும் இருந்தன. பணம் வாங்கிய அன்று, மரியாதைக்காக, “கடன் குடுத்தவர் நீங்க, கை வச்ச நாற்காலியில உட்காருங்க மச்சான்” என்று மாஸ்டரே சொன்னார். வாய் தவறிச் சொன்னது சட்டமாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மச்சான் வருவார். நேராக நாற்காலிக்குப் போவார். மாஸ்டர் தன் வீட்டிலேயே முக்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பேச வேண்டும். கைமாற்று வாங்கியதில் நாற்காலியும் கை மாறிப்போனது.

மச்சான் பணத்தைக் கேட்டாலாவது பரவாயில்லை. கேட்கவே மாட்டார்.

“பணத்துக்கு என்ன மாப்பிள்ளை அவசரம்? மெதுவா குடுங்க. அது சரி, வாத்து முட்டை ஏதும் போட்டுதா?”

நேற்றுவரை பொறுத்த மாஸ்டர் இன்று பொங்கிவிட்டார்.

“பத்தே மாசம்! மாசம் நாலாயிரம்! பத்தாவது மாசம் உங்க அண்ணன் கையில நாற்பதாயிரத்தை எண்ணி வைப்பேன். அவரை முக்காலியில உட்கார வைப்பேன். நான் அந்த நாற்காலியில, ரெண்டு கையையும் ரெண்டு கை மேல வச்சு உட்காருவேன்!”

“நாலு கை ஆச்சேங்க.”

“நாற்காலிக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு! செலவு நோட்டையும் பணப்பையையும் குடு. துணியை வெட்டுற மாதிரி செலவை வெட்டிக் காட்டறேன்.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு சந்தேகம். உள்ள துணி விடுவீங்களா?”

“என்ன துணி?”

“தைக்கும்போது உள்ள கொஞ்சம் துணி மடிச்சு விடுவாங்களே. அது இல்லாத சட்டை முதல் தும்மல்லயே பிரிஞ்சிடும்னு நீங்கதானே சொல்வீங்க. வீட்டுச் செலவுலயும் அப்படிக் கொஞ்சம் உள்ள விடணுங்க.”

“அங்கதான் வீணாகுது! உள்ளயும் விட மாட்டேன், வெளியயும் விட மாட்டேன். ஒட்ட வெட்டப் போறேன்.”

“சரிங்க” என்று நோட்டையும் பையையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

மனைவி இவ்வளவு சுலபமாக “சரிங்க” சொன்னால் ஒரு கணவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாஸ்டர் சந்தோஷமாக இருந்தார்.

அன்றே வேலை தொடங்கிவிட்டது. சர்க்கரை டப்பாவில் தையல் சாக்கட்டியால் கோடு போட்டார். சோப்பை நூலால் ஆறு துண்டாக அறுத்தார். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து, உள்ளே ஒட்டியிருந்ததில் மூன்று நாள் பல் துலக்கிக் காட்டினார். பிறகு நோட்டைப் பிரித்து, மனைவியை எதிரே உட்கார வைத்தார்.

“சர்க்கரை ஏன் இவ்வளவு? யாரு டீக்கு மூணு ஸ்பூன்?”

“உங்க டீக்கு.”

“ம். வெளியில நாலு டீன்னு எழுதியிருக்கே?”

“அதுவும் உங்களோடதுதான்.”

“அது தொழில் சம்பந்தமான டீ. இந்த ரெண்டு வாரப் பத்திரிகை?”

“நீங்க படிக்கிறது.”

“பொது அறிவு. வாரம் மூணு நாள் மீன்?”

“மீன் இல்லேன்னா சோறு இறங்கலைன்னு தட்டைத் தள்ளுறது யாரு? நானா, உங்க பொண்ணா?” அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். “அளவு அட்டையை எப்படித் திருப்பி வச்சாலும் உங்க அட்டைதாங்க பெருசா இருக்கு. துணி இருக்கிற இடத்துலதானே வெட்ட முடியும்?”

தொழில் தெரிந்தவர் தொழில் நியாயத்தை மறுக்க முடியாது. மாஸ்டர் தன்னையே வெட்டிக்கொண்டார்.

டீ போயிற்று. பத்திரிகை போயிற்று. மீன் நீந்திப் போயிற்று. பேருந்துக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க நடந்தே வேலைக்குப் போனார். முடிவெட்டும் செலவு எதற்கு என்று, துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக் கண்ணாடி முன் நின்றார். மறுநாள் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மாஸ்டர், காலர் அருமையா வெட்டியிருக்கீங்க. ஆனா அதை ஏன் தலையில வச்சீங்க?”

மாஸ்டர் அசரவில்லை. பிஸ்கட் டப்பாவில் பணம் சேர்ந்துகொண்டிருந்ததே! மாதக் கடைசியில் எண்ணி முடித்ததும் கூவுவார். “எட்டாயிரம்!” அடுத்த மாதம், “பன்னிரண்டு!” அதற்கடுத்த மாதம், “பதினாறு!” எதிர்வீட்டுக்காரர் அது ஏதோ விளையாட்டின் ஓட்டக் கணக்கு என்று நினைத்து, “யாரு ஆடுறா?” என்று கேட்டார்.

“நான்தான்!” என்றார் மாஸ்டர்.

டப்பா பெருக்கப் பெருக்க மாஸ்டர் சிறுத்தார். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மனைவி அதைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

“சம்பளத்துல பிடித்தம், சாப்பாட்டுல பிடித்தம், இப்ப கால்சட்டையிலயும் பிடித்தமா?” என்று கேட்டுக்கொண்டே உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “இதென்ன, ரெண்டு அங்குலம் உள்ள விட்டிருக்கே? வெட்டி எறி!”

“இருக்கட்டுங்க. உள்ள இருக்கிற துணி என்னைக்காவது உதவும்.”

ஒன்பதாவது மாதம் முப்பத்தாறாயிரம் சேர்ந்தது. பத்தாவது மாதச் சம்பளம் வந்தால் நாலாயிரம். மச்சான் வர ஆறு நாள். மாஸ்டர் முக்காலியில் உட்காரும்போதெல்லாம் நாற்காலியைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அன்று காலை சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது.

சுவரிலிருந்து தண்ணீர் குத்தீட்டி மாதிரி பாய்ந்தது. மாஸ்டர் ஓடிப்போய்க் கட்டைவிரலை ஓட்டைக்குள் வைத்து அழுத்தினார். அடைத்தது போக மிச்சத் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது.

“ப்ளம்பரைக் கூப்பிடு! சீக்கிரம்!”

“கூப்பிடலாங்க. ரெண்டாயிரம் கேப்பார். டப்பாவுலேருந்து எடுக்கட்டுமா?”

“டப்பாவைத் தொடாதே! அது நாற்காலிப் பணம்!”

“அப்ப செலவுப் பையிலேருந்து?”

“அதுல ஏது? ஒட்ட வெட்டியிருக்கேன்ல!”

பதினொரு வயது மகள் பள்ளிப் பையோடு வாசலில் நின்று பார்த்தாள். பையிலும் வாத்து இருந்தது. “அப்பா, நீங்களும் இது மாதிரியே இருக்கீங்க.”

“போம்மா ஸ்கூலுக்கு! ஏய், ஏதாவது பண்ணு, விரல் மரத்துப்போச்சு!”

மனைவி ஈரம் படாத இடமாகப் பார்த்து நின்றாள். “என்கிட்ட ரெண்டாயிரம் இருக்கு.”

“உன்கிட்டயா? எங்கேருந்து...”

“பாத்தீங்களா, கேள்வி. ப்ளம்பர் காசை நான் குடுத்துடறேன். அதுக்கு ரெண்டு நிபந்தனை. கடன் அடைஞ்ச அன்னைக்கு நோட்டும் பையும் என்கிட்ட வந்துடணும்.”

“வச்சுக்கோ!”

“ரெண்டாவது. அந்த நாற்பதாயிரம் எங்க போச்சு, யாருக்குப் போச்சுன்னு அப்புறம் நீங்க ஒரு கேள்வி கேக்கக் கூடாது.”

“உங்க அண்ணன் கைக்குப் போற பணத்தை நான் எதுக்குக் கேக்கப் போறேன்? சத்தியமா கேக்கலை! ப்ளம்பர்! ப்ளம்பர்!”

“நீ சாட்சி” என்று மகளிடம் சொல்லிவிட்டு மனைவி நிதானமாகப் படியிறங்கினாள்.

முதல் ஞாயிறு வந்தது. மாஸ்டர் காலையிலேயே குளித்து, பிடித்துத் தைத்த கால்சட்டையும் மடிப்புக் கலையாத சட்டையும் போட்டுத் தயாராக இருந்தார். மச்சான் வந்தார். வழக்கம்போல நாற்காலிப் பக்கம் போனவரை மாஸ்டர் கையை நீட்டி மறித்தார்.

“இங்க உட்காருங்க மச்சான்” என்று முக்காலியைக் காட்டினார். “முதல்ல இதை எண்ணுங்க!”

மச்சான் டப்பாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். மாஸ்டர் நாற்காலியில் மெல்ல இறங்கினார். இரண்டு கைகளையும் இரண்டு கைகள் மேல் வைத்தார். இடது பக்கம் ஏதோ குத்தியது. குத்தினால் குத்தட்டும். மச்சானின் வழுக்கையை அவர் மேலேயிருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. அழகான வழுக்கை.

“நாற்பதாயிரம். சரியா இருக்கு மாப்பிள்ளை.”

“அடைச்சாச்சு!” என்று கத்தினார் மாஸ்டர். எதிர்வீட்டில் யாரோ கை தட்டினார்கள்.

மச்சான் பணக்கட்டை எடுத்து அப்படியே தங்கையிடம் நீட்டினார்.

“இந்தாம்மா, உன் பணம். கிட்டத்தட்ட மூணு வருஷமா கடன் குடுத்தவனா நடிச்சு என் முதுகு போச்சு. அந்த நாற்காலியில ஆணி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு, தெரியுமா? இந்த முக்காலி எவ்வளவு சுகமா இருக்கு!”

மாஸ்டரின் வாய் திறந்தது. “இது... யாரு... எப்ப...”

“கேள்வி!” என்றாள் மகள்.

வாய் மூடிக்கொண்டது. மனைவிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கேட்காமலே சொன்னாள்.

“கல்யாணமான நாள்லேருந்து மாசாமாசம் செலவுல கொஞ்சம் உள்ள துணி விட்டேங்க. சேர்ந்துது. நீங்க மெஷின் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க. நான் குடுத்தா அது நம்ம பணம் ஆயிடும், திரும்பி வராது. அண்ணன் கையால குடுத்தா கடன் ஆகும். கடன்னா நீங்க ரோஷமா அடைச்சிடுவீங்க. அடைச்சிட்டீங்களே!”

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. எவ்வளவு டீ! எவ்வளவு மீன்! அப்புறம் கோபம் பாதியிலேயே நின்றது. பணம் வெளியே போகவில்லை. வீட்டிலேயே இருக்கிறது. நாற்பதாயிரம்! அவர் கண்கள் தாமாகவே படுக்கையறைப் பக்கம் திரும்பின. போர்வைக்கு அடியில் பன்னிரண்டு ஊசிகள் அவரைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

“இந்தா, இது கேள்வி இல்லை” என்று குரலைத் தாழ்த்தினார். “சும்மா ஒரு தகவல். அந்த மெஷின்ல உள்ள ஒரு பலகை மட்டும் மாத்தினா போதுமாம். ரோஜா கேட்டா ரோஜாவே வருமாம். மெக்கானிக் அடிச்சுச் சொல்றார். பத்தாயிரம்தான் ஆகும். இனாமா கேக்கலை. கடனா குடு. மூணே மாசத்துல அடைக்கிறேன்! அடைப்பேன்னு உனக்கே தெரியும்!”

மனைவி யோசித்தாள். பத்தாயிரத்தை எண்ணினாள். அவர் கையில் வைத்தாள்.

மாஸ்டர் பூரித்துப்போனார். “பாத்தீங்களா மச்சான், என் வீட்டுக்காரியை!”

அவள் உள்ளே போய், வாத்துப் போட்ட நாற்காலி மெத்தை ஒன்றை எடுத்துவந்தாள். தைத்து வெகுநாள் ஆனதுபோல் தெரிந்தது. நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏங்க, கடன் குடுத்தவங்க எங்க உட்காரணும்னு சொன்னீங்க?”

கை வைத்த நாற்காலியில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தது, சுவர்க் கடிகாரத்தின்படி, நான்கு நிமிடம்.