வற்றாத ஓடைக்குத் தெற்கே ஒரு குளியலறை

இலஞ்சி,
ஆடி 3

சிரஞ்சீவி மாப்பிள்ளை முத்துக்குமரனுக்கு அத்தான் முத்துக்குமாரசாமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் வடிவாம்பாளும், அவள் முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை உன் மனைவி உமா மகேஸ்வரி வாட்ஸ்அப்பில் போடும் படங்களால் அறிந்துகொள்கிறோம்.

சொந்த நிலத்தில் அக்காளுக்கு ஒரு குளியலறை கட்ட முடியாதா என்று போனில் கேட்டாய். அவள் பக்கத்தில் இருந்ததால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், முடியாது. நம் பழைய குளியலறை கொல்லைக் கோடியில் எட்டுப் படி இறங்கி இருக்கிறது. சாரலில் படியெல்லாம் பாசி. போன வருடம் ஒரு தடவை, இந்த வருடம் ஒரு தடவை வழுக்கி விழுந்தாள். இன்னொரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு போனால் என்ன செய்வேன் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் அவள் குளித்து ஏறும்வரை தினமும் படியில் குடையைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்கிறேன்.

அடுப்படிக்குப் பின்னால் சமதரையில் ஐந்தடிக்கு ஏழடியில் ஒன்று கட்ட மூன்று வருடம் முன்பே தென்காசி ஆபீஸில் மனுக் கொடுத்தேன். அதில் நிலத்தின் நான்கு எல்லையும் கேட்டிருந்தார்கள். அப்பா எழுதிய பத்திரத்தில் இருந்தபடி ‘வடக்கே வற்றாத ஓடை’ என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீர் இல்லையென்று எவன் எழுதுவான்? உண்மையில் அது சாரல் சமயத்தில் இரண்டு மாதம் ஓடும்; மீதி மாதங்களில் அடுத்த வீட்டுப் பாண்டியராஜின் ஆடுகள் அதில் படுத்திருக்கும். வந்த அதிகாரி, “ஓடையில இருந்து பதினைஞ்சு மீட்டர் விடணும் அண்ணாச்சி” என்றார். டேப் போட்டால் பதினான்கு. ஒரு மீட்டர் தள்ளிவைக்க வீடு என்ன பீரோவா? ஓடையை ஒட்டியே இருக்கும் பழைய குளியலறையைக் காட்டிக் கேட்டேன். “அது சட்டத்துக்கு முந்தியே கெட்டுனது, இருந்துட்டுப் போகுது” என்கிறார்.

ஓடை வற்றியிருக்கும்போது பங்குனியில் வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். “பங்குனில வந்து என்ன செய்யச் சொல்லுதிய? அருவில தண்ணி கெடயாதுல்லா” என்றார். மூன்று வருடமும் ஆடியில்தான் வந்தார்கள், ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு. “எவ்வளவு தெளிவா ஓடுது!” என்று அவர் சொல்ல, நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் “எங்கய்யா காலத்துல இருந்தே இப்படித்தான்” என்றேன். மூன்று தடவையும் சொன்னேன்.

பட்டா என் பேரில், தீர்வை கட்டுவது நான், குளிக்கப்போவது என் பெண்டாட்டி. நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? ஓடையை மூடி லாட்ஜ் கட்டுகிறவனைத் தடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. நான் லாட்ஜா கட்டுகிறேன்? உன் அக்காள், வீட்டுக்குள் சாமான் போட்டுவைக்கும் அறையான அரங்கையே குளியலறை ஆக்கிவிடலாம் என்றாள். அங்கேதான் மூன்று தலைமுறைப் பத்திரங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. நிலத்துக்கு ஆதாரம் இருக்கும் இடத்தில் தண்ணீரை விடுவதா? கூடாது என்றுவிட்டேன். ஆகவே நீ சென்னையில் யாரிடமாவது சொல்லி, பங்குனியில் ஒரே ஒரு ஆளை அனுப்பிவைக்க வேண்டியது.

குழந்தைகள் நன்றாகப் படித்து, படி இல்லாத வீட்டில் நீண்ட ஆயுளோடு இருக்க இலஞ்சிக் குமாரர் அருள்வார்.

இப்படிக்கு,
முத்துக்குமாரசாமி

பி.கு.: கடிதத்தோடு வைக்க மனுவின் ஜெராக்ஸைத் தேடியதில் இது பன்னிரண்டு நாள் மேஜையிலேயே கிடந்துவிட்டது. இனி யாரிடமும் சொல்ல வேண்டாம். இந்தத் தடவை அதிகாரிக்கு மோர் கொடுக்கும்போது உன் அக்காள், “வீட்டுக்குள்ள மாத்துனா ஒங்ககிட்ட கேக்கணுமாய்யா?” என்று கேட்டிருக்கிறாள். “வேண்டாம் ஆச்சி” என்றாராம். நான் ஜெராக்ஸுக்காகத் தென்காசிக்கு அலைந்த நாட்களில் கொத்தனாரை வைத்து அரங்கை முடித்துவிட்டாள். இன்று காலை உள்ளேயே வெந்நீரில் குளித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரங்குப் பெட்டியைப் பழைய குளியலறையில் வைத்திருக்கிறாள். வெளியே சாரல் வலுக்கிறது. நான் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்குகிறேன்.