2014 ஆல்பத்தில் ஒரு கொலை

“இந்த நிமிஷத்திலிருந்து இந்த வீட்டில் காமிக்ஸ் என்று ஒரு தாள்கூட இருக்காது. இது சத்தியம்!”

போன வருஷம் சித்திரையில், என் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளன்று நான் செய்த சபதம் இது. கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி செல்வலட்சுமி. இன்னொன்று சுவரில் இருந்த பல்லி. எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிற அந்தப் பல்லி அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சபதத்துக்குக் காரணம் செல்வலட்சுமியின் நெற்றியில் இருந்த புடைப்பு. முந்தின வாரம் சல்லடை எடுக்கப் பரணில் கைவிட்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருஷமாக நான் சேர்த்த காமிக்ஸ் மொத்தமும் அவள் தலை வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. நான் ஓடினேன்.

“அய்யய்யோ! எது விழுந்துச்சு? குதிரைவீரன் கதையா, துப்பறியும் கதையா?”

“என் மண்டை என்னாச்சுன்னு கேக்க மாட்டீகளா?”

“அதைத்தான் கேக்க வந்தேன். அட்டை எதுவும் மடங்கலையே?”

மூன்று நாள் வீட்டில் ரசம் மட்டும்தான். நாலாம் நாள் பிறந்தநாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை டேப்பை வைத்தாள்.

“ஆயிரம் புஸ்தகம் இதுக்குள்ள அடங்குமாம். இனிமே மாசாமாசம் வர்ற புதுக் கதையும் இதுலயே வந்துருமாம். பரண்ல கெடக்கிறதை யாருக்காவது குடுத்துருங்க.”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அவள் அது சந்தோஷம் என்று நினைத்தாள். அந்த உணர்ச்சிவேகத்தில் செய்ததுதான் சபதம்.

ஆனால், வாசகர்களே, கண்ணாடியைத் தடவினால் கதை வருமா? மை வாசனை எங்கே? பக்கத்தைத் திருப்பும்போது ‘சர்ரக்’ என்று வருகிற சத்தம் எங்கே? முதல் நாள் பழக்கதோஷத்தில் விரலில் எச்சில் தொட்டு டேப்பைத் தள்ளினேன். அது ஏதோ ஒரு ராசிபலனைத் திறந்தது. எனக்கு அன்று சந்திராஷ்டமமாம்.

யோசித்தேன். என் தொழில் கைகொடுத்தது.

நான் திருத்தங்கல்லில் இருந்துகொண்டு சிவகாசி கம்பெனி ஒன்றுக்குக் காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவன். ஆடிப் பதினெட்டு வந்தால் அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் கைக்கு வரும். முருகன், லட்சுமி, சிரிக்கிற குழந்தை, ரோஜாப்பூ எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்த தடித்த புத்தகம். புது ஆல்பத்துக்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு. பழைய ஆல்பத்தை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. என் முன்னறை அலமாரியில் அப்படிப் பதினைந்து வருஷத்து ஆல்பங்கள் வரிசையாக நிற்கின்றன.

விருதுநகர் நூலகத்துக்குத் தானம் கொடுப்பதாகச் சொல்லி, பைக்கில் நாலு நடையாகக் காமிக்ஸையும் அதற்கடியில் பழைய ஆல்பங்களையும் ஏற்றிக்கொண்டு போனேன். போனது விருதுநகருக்கு அல்ல. விஸ்வநத்தத்தில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கும் முனியராஜிடம்.

“ஏலே முனியா, ஆல்பத்து அட்டையை மட்டும் வச்சுக்கோ. உள்ள இதைப் போட்டுத் தைச்சிரு. வெளிய 2011, 2012ன்னு வருஷம் இருக்கணும். பசை போட்டு ஒட்டினாப் போதும். வெளிய மூச்சு விடாத.”

“நான் ஏன் அண்ணாச்சி விடுறேன்?” என்றான்.

தங்கமான பையன். பசை போதும் என்றேன். நூல் கோத்துத் தைத்திருந்தான். முதுகுக்குத் துணி ஒட்டியிருந்தான். அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் வேறு. “எதுக்குலே இதெல்லாம்?” என்றேன். “இருக்கட்டும் அண்ணாச்சி” என்று தலையைச் சொறிந்தான். அவனுக்கு மனதார நன்றி சொன்னேன்.

அப்புறம் ஒரு வருஷம் ராஜவாழ்க்கை. புது இதழ்கள் தபாலில் முனியராஜ் முகவரிக்கு வந்துவிடும். முன்னறையில் 2014ஆம் வருஷ ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். செல்வலட்சுமி எட்டிப் பார்ப்பாள்.

“என்ன பண்ணுதீக?”

“பழைய டிசைனை ஆராய்ச்சி பண்ணுதேன். தொழில் முன்னேறணும்ல.”

“பண்ணுங்க, பண்ணுங்க” என்று காபி வைத்துவிட்டுப் போவாள். என்ன ஒரு வெள்ளை மனசு!

நான் நன்றி மறக்கிறவன் அல்ல. அத்தனை புத்தகத்தில் ஒன்றில்கூட ராமபாணப் பூச்சி விழவில்லை. மலைக்கோயில் பெருமாளுக்கு நன்றி சொன்னேன். அலமாரியில் தூசி இல்லை, வரிசை கலையவில்லை. என் ஜாதகத்துக்கு நன்றி சொன்னேன். ஒப்புக்கு வாரம் ஒருமுறை டேப்பைக் கையில் எடுப்பேன். எப்போது எடுத்தாலும் சார்ஜ் நூறு. அந்தப் பேட்டரியைச் செய்தவனுக்கும் நன்றி சொன்னேன்.

குறை ஒன்றே ஒன்றுதான். ‘கலங்கரை விளக்கில் கொலை’ என்று மூன்று பாகக் கதை ஒன்று. இரண்டு பாகம் படித்துவிட்டேன். பிணம் கிடக்கிறது, கொன்றது யார் என்று தெரியவில்லை. சமையல்காரன்தான் என்பது என் கட்சி. அந்த டாக்டர் பாவம், தங்கமான மனுஷன். மூன்றாம் பாகம் இந்த ஆடியில் வெளியீடு. ஒரு வாரமாகத் தபாலை எதிர்பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடிப் பதினெட்டும் வந்தது. புது ஆல்பம் சாமி முன்னால் பூவோடு இருந்தது. விருதுநகர் எண்ணெய் மில் ஜெயபாண்டி அண்ணாச்சி பத்து மணிக்கு ஆர்டர் கொடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். நான் வாழைப்பழம் வாங்கப் போனேன். அண்ணாச்சி ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

திரும்பி வந்து பார்க்கிறேன். நாற்காலி நுனியில் அண்ணாச்சி. மடியில் 2014. வாய் பிளந்திருந்தது.

பழச்சீப்பு என் கையிலிருந்து நழுவியது.

“வாங்க” என்றாள் செல்வலட்சுமி. “பூசை முடியாம புது ஆல்பத்தைத் தொடக்கூடாதில்ல. அண்ணாச்சி சும்மா இருக்காகளேன்னு பழசை எடுத்துக் குடுத்தேன்.”

“அண்ணாச்சி, அது வந்து... அச்சுல ஒரு சின்னக் கோளாறு...” என்றேன்.

“சும்மா இருங்கய்யா!” அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. “துப்பறியுற ஆளு நிலவறைக்குள்ள எறங்கிட்டான். கதவு மூடிக்கிச்சு. அடுத்த பக்கத்தைக் காணோமே?”

செல்வலட்சுமி நிதானமாகச் சொன்னாள்.

“அந்தக் கதை அதோட தொடரும் அண்ணாச்சி. மிச்சம் 2015 ஆல்பத்துல இருக்கு. சிவப்பு ரிப்பன் வச்ச எடம்.”

பல்லி இப்போது உச்சுக்கொட்டியது.

அண்ணாச்சி 2015ஐயும் படித்து முடித்தார். பூசை முடிந்ததும் லட்சுமி படத்தில் போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு ஆர்டர் சொன்னார். கிளம்பும்போது 2016ஐ எடுத்துக் கக்கத்தில் செருகினார்.

“நாளைக்குத் தாரேன்.”

என் உயிர் அவர் கக்கத்தில் துடித்தது. காமிக்ஸை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கியவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. பெரிய கஸ்டமர், மறுக்கவும் முடியாது. செல்வலட்சுமி குறுக்கே வந்தாள்.

“பழைய ஆல்பம் வாசல் தாண்டக்கூடாது அண்ணாச்சி. கம்பெனி ரூலு. நீங்க எப்ப வேணாலும் வாங்க, இங்கன உக்காந்து படிங்க. காபி தாரேன்.”

அண்ணாச்சி மனசே இல்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். நான் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“எப்ப... எப்படித் தெரியும்?”

“மொத நாளே. முனியராஜ் போன் போட்டுட்டான். ‘மதினி, அண்ணாச்சி இம்புட்டுப் புஸ்தகத்தையும் பசை போட்டு ஒட்டச் சொல்லுதாக, ரெண்டு வருஷம் தாங்காது’ன்னான். நூல் போட்டுத் தைக்கச் சொன்னேன்.”

“பூச்சி வராம இருந்தது?”

“வசம்பு. அட்டைக்குள்ள வச்சிருக்கேன். மோந்து பாருங்க.”

மோந்தேன். மை வாசனை, மை வாசனை என்று ஒரு வருஷமாக நான் உருகியது வசம்பில்.

“அப்பவே என்னைப் புடிச்சிருக்கலாமே செல்வி?”

“பரண் காலியாகணும்னேன், காலியாயிருச்சு. புஸ்தகம் தலையில விழாம வரிசையா நிக்குது. வேற என்ன வேணும்? புஸ்தகத்தைக் கட்டி வச்சிட்டு ரெண்டு நாள் நீங்க இருந்த இருப்பை நானும் பாத்தேன்ல. பிள்ளையைப் பறிகுடுத்த மாதிரி இருந்தீக. மனசு கேக்கல.”

ஒரு வருஷமாகப் பெருமாளுக்கும் ஜாதகத்துக்கும் பேட்டரிக்காரனுக்கும் போன நன்றியெல்லாம் தப்பான முகவரிக்குப் போயிருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

“நீ எனக்குக் கெடைச்சதுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும், செல்வி.”

“தெரியும்ல. அந்த டேப்பைக் குடுங்க, சார்ஜ் போடணும். நாந்தானே தெனம் படிக்கேன்.”

“நீயா?”

“புஸ்தகம்னா எடம் அடைக்குது. எனக்கு இதுதான் வசதி. உங்களுக்குத் தபால்ல வர்றதுக்கு ஒரு வாரம் முந்தியே இதுல வந்துருதுல்ல. கலங்கரை விளக்கு மூணாம் பாகம் முந்தாநாளே படிச்சு முடிச்சிட்டேன்.”

“சொல்லாதே!” இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். “செல்வி, உன் காலைப் புடிக்கேன், சொல்லிராத!”

“நான் ஏன் சொல்லப்போறேன்?” தேங்காய் நாலையும் துருவியையும் என் முன்னால் வைத்தாள். “தேங்காய்ச் சோறு கிண்டணும். நான் துருவ உக்காந்தாத்தான் வாய் சும்மா இருக்காது. எதையாவது உளறிருவேன்.”

வேட்டியை மடித்துக் கட்டினேன். நாலு தேங்காயும் துருவினேன். கூடவே புளியோதரைக்கு வேர்க்கடலையும் வறுத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்கு மீறாத உத்தமி என்று இன்னொரு தடவை மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் துருவலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“பரவாயில்லையே, கை நடுங்காம ஒரே சீரா துருவியிருக்கீக. அந்த டாக்டரும் இப்படித்தாங்க, விஷத்தைக் கலக்கும்போது கை நடுங்கவே இல்ல.”