பெர்னடெற்றின் ஊசிப் பழக்கம்

மக்களின் உடல்நலத்தைப் பேணிக் காக்கும் உயரிய நோக்கத்துடன், கோலியர்ஸ் வுட்டில் சேர்ஜரி என்று சொல்லப்படும் அந்த டொக்ரர்மாரின் கிளினிக், கோவிட் காலத்தில் நோயாளிகளை உள்ளே விடுவதை நிறுத்திக்கொண்டது. நோயாளிகள் வராததால் அங்கே எவருக்கும் கிருமி தொற்றவில்லை. திட்டம் மாபெரும் வெற்றி என்று பூட்டிய கதவில் அறிவித்தலும் ஒட்டினார்கள்.

இந்த வெற்றியில் அகப்பட்டுக்கொண்டவர் பெர்னடெற். அறுபதை நெருங்கும் பாசையூர்க்காரி. மீனும் இறைச்சியும் வேண்டிய மட்டும் சாப்பிட்டாலும் பி12 என்கிற விற்றமின் அவருடைய உடம்பில் ஒட்டாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேர்ஸ் ஊசி போட்டால்தான் மனுசி நடமாடுவார். தவறினால் கால் விறைக்கும், நாக்கு எரியும், கட்டின புருஷனின் பெயரே யோசித்துத்தான் வரும். இந்த முறை தவணை தவறி, படியில் கால் வைத்தது தெரியாமல் விழப் பார்த்தார். பயந்துபோய்ச் சேர்ஜரிக்குப் போன் எடுத்தார்.

வரவேற்பில் இருந்த ஷெறோன் தமிழ்ப் பிள்ளை என்பது ஓர் ஆறுதல்.

“அன்ரி, களைப்பு இருக்கோ?”

“ஓம் பிள்ளை, எழும்ப ஏலாமல் கிடக்கு.”

“களைப்பு கோவிட்டின்ரை குணம். நீங்கள் இஞ்சை வரக்கூடாது.”

“அப்ப களைப்பு இல்லையெண்டு போடும்.”

“களைப்பு இல்லாட்டி உங்களுக்கு ஊசி தேவையில்லையே, அன்ரி.”

பெர்னடெற் முன்னாலும் பின்னாலும் யோசித்துப் பார்த்தார். ஒரு பக்கத்தாலும் பிழை பிடிக்க முடியவில்லை.

கடைசியில் மேலிடம் மனமிரங்கியது. விற்றமின்காரர்கள் தங்கள் வீட்டில் தாங்களே ஊசி ஏற்றிக்கொள்ளும் பேருரிமை வழங்கப்பட்டது. மருந்தும் சில ஊசிகளும் தபாலில் வந்தன. முதலில் தோடம்பழத்தில் பழகவும் என்று ஒரு குறிப்பும் வந்தது. கணவர் யேசுரட்ணம் குறிப்பு எதையும் மீறாத மனிதர். சாப்பாட்டு மேசையில் பழங்களை அடுக்கி வைத்துப் பழகினார். கை பழகி முடிய, ஊசிகளும் முடிந்துவிட்டன. இந்த நாட்டில் எவருக்கும் முன்னதாக ஊசி போட்டுக்கொண்ட பெருமை அந்தத் தோடம்பழங்களையே சேரும்.

புது ஊசி அடுத்த நிதியாண்டில்தான் என்றாள் ஷெறோன். ஆனால் பார்மசியின் பக்கவாட்டு யன்னலில் போதைக்காரருக்குச் சுத்தமான ஊசி சும்மா கொடுக்கிறார்களாம், பெயரைத் தவிர ஒரு கேள்வியும் இல்லையாம். பெர்னடெற் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு போய்ப் பெயரைக் கொடுத்தார். ஒரு பை நிறைய ஊசியும் ‘மனம் தளராதீர்கள்’ என்றொரு துண்டுப் பிரசுரமும் கிடைத்தன. பின்னால் இரண்டு மீற்றர் தள்ளிப் பிரஷர் குளிசைக்காக நின்றுகொண்டிருந்தார் எமில்டா. பங்குச் சனத்தைச் சூமில் கூட்டிச் செபமாலை நடத்துபவர் அவர்தான். மாஸ்க் பெர்னடெற்றின் முகத்தை மறைத்தது. லூர்து மாதா படம் போட்ட கைப்பையை மறைக்கவில்லை.

அன்று பின்னேரச் செபமாலையில் எமில்டா தழுதழுத்த குரலில், போதைக்கு அடிமையாகிப்போன பங்குச் சகோதரி ஒருவருக்காக மன்றாடுவோம் என்றார். ஆரோ பாவம் என்று பெர்னடெற்றுக்கு நெஞ்சு உருகிவிட்டது. எல்லாரிலும் உரத்துச் செபித்தவர் அவர்தான். அடுத்த நாள் காலை வாசலில் ஒரு சட்டி மீன்குழம்பும், மூடியில் போதை மறுவாழ்வு நிலையத்தின் நம்பரும் இருந்தபோதுதான் விசயம் விளங்கியது. இருந்து அழுதார்.

மானம் போயும் ஊசி ஏறவில்லை. தோடம்பழம் கத்தாது, பெர்னடெற் கத்தினார். யேசுரட்ணத்தின் கை நடுங்க, ஊசியை மேசையில் வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். பெர்னடெற்றுக்கும் தனக்குத் தானே குத்த மனம் வரவில்லை. விறைப்பு முழங்காலுக்கு ஏறத் தொடங்கியது.

அந்த நேரம் ஷெறோனே போன் எடுத்தாள். யன்னலில் கொடுத்த பெயர் சேர்ஜரிக்கு வந்துவிட்டதாம். போதைக்காரர் முன்னுரிமைப் பிரிவாம். அவர்கள் தனியாக ஊசி ஏற்றுவது ஆபத்து என்பதால் ஒவ்வொரு முறையும் நேர்ஸ் வீட்டுக்கே வருவாராம். களைப்பு இருக்கோ இல்லையோ என்று ஒருவரும் கேட்கமாட்டார்களாம்.

நேர்ஸ் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வந்தார். மருந்துச் சிமிழைப் பார்த்தார், தன் ஃபைலையும் பார்த்தார். ஊசி பாதுகாப்பாக ஏற்றப்படுவதை உறுதிசெய்யவும் என்றிருந்ததே தவிர, எதை ஏற்றுவது என்று அதில் இல்லை. யேசுரட்ணத்தின் நடுங்கும் கை பாதுகாப்பில்லை என்று தானே போட்டுவிட்டுப் போனார். சில நாளில் பெர்னடெற்றின் பாதம் படியின் குளிரை உணர்ந்தது. சந்தோசத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பார்த்தார்.

இனிப் பெயரைத் துப்புரவாக்க வேண்டியதுதான் என்று ஷெறோனிடம் சொன்னார்.

“சொல்லலாம் அன்ரி. ஆனா விற்றமின் எண்டு தெரிஞ்சா நேர்ஸை நிப்பாட்டிப்போடுவினம். விற்றமின்காரர் தனியத்தான் போடவேணும்.”

வந்த செபமாலை முடிவில் எமில்டா எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

“பெர்னடெற், ஆண்டவர் உம்மை விடுவிச்சிட்டாரோ?”

திரை முழுக்க முகங்கள். பக்கத்தில் இருந்த யேசுரட்ணம், உண்மையைச் சொல்லு என்று முழங்கையால் இடித்தார். மேசைக்குக் கீழே பெர்னடெற் கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எல்லாம் அசைந்தன.

“இன்னும் இல்லை, அக்கா. விடேலாமல் கிடக்கு. தொடர்ந்து செபியுங்கோ.”

சனம் பெருமூச்சு விட்டது. சூம் மூடி அரை மணித்தியாலம் இராது, எமில்டாவின் போன் வந்தது. புத்திமதிதான் என்று நினைத்து யேசுரட்ணம் எழும்பி அங்காலே போய்விட்டார். எமில்டா கன நேரம் காலநிலையைப் பற்றிக் கதைத்தார். பிறகு, போன வருசம் தொட்டுத் தன் முழங்காலைப் பார்க்க டொக்ரர் ஒருத்தரும் அப்பொயின்ற்மென்ற் தரவில்லை என்றார். பிறகு, பெர்னடெற்றின் வாசலில் நேர்ஸைக் கண்டதைச் சொல்லி, குரலைத் தணித்துக் கேட்டார்.

“பெர்னடெற், அந்த யன்னலிலை என்ரை பேரையும் குடுத்தா, ஆரும் வீட்டை வந்து பாப்பினமோ?”